ஐந்தாம் எண்

ஆம்பூர்
24.8.1987

அன்புள்ள அக்காவுக்கு,

தணிகைவேல் எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகம், என் மூக்கைத் தவிர. தோல் டேனரியில் எலக்ட்ரீஷியனாகச் சேர்ந்து இத்தனை வருஷம் ஆகியும் அது மட்டும் வேலைக்குச் சம்மதிக்காமல் அடம் பிடிக்கிறது.

போன வாரம் குடியாத்தம் போயிருந்தேன். அம்மா விசைத்தறியோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். "அமிர்தம் எப்ப வர்றா?" என்று கேட்டாள். "அவ கம்ப்யூட்டருக்கு வாக்கப்பட்டுட்டாம்மா" என்றேன். சிரிக்கவில்லை. பங்கஜத்துக்கு மார்கழியில் ஆகும் என்று டாக்டரம்மா சொல்கிறார். நீ அத்தையாகப் போகிறாய், ஞாபகம் இருக்கட்டும்.

உன் மெஷின் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆபீஸ் ரூமில் கம்ப்யூட்டர் முன்னால் மக்பூல் பாய் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருக்கிறார். அவர் அங்கே ஒரு பொத்தானைத் தட்டினால், ஒயர் வழியாக அது ஷெட்டுக்குள் வந்து, தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம் பக்கத்துச் சுவரில் நான் மாட்டியிருக்கும் போர்டுக்குப் போய், வால்வு தானாகத் திறக்கிறது. தண்ணீர், சுண்ணாம்பு, ஆசிட் எல்லாம் அளவாக உள்ளே போகிறது. முன்பு வாளி வாளியாகத் தூக்கி ஊற்றியவர்கள் இப்போது பீடி பிடிக்க நேரம் இருக்கிறது என்று உன்னை வாழ்த்துகிறார்கள்.

ஒரே ஒரு பேஜார். டிரம்மில் வேலை செய்யும் வீரபாகுவை உனக்குத் தெரியும். மெஷின் மாட்ட வந்தபோது உனக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தானே, அவன்தான். சுண்ணாம்பும் சல்பைடும் போட்டுத் தோலில் மயிர் கழன்ற பிறகு, டிரம்முக்குத் தண்ணீர் வெளியே வடியும்படி ஓட்டைக் கதவு போட்டு ஒரு தண்ணீர் கழுவுகிறோம். கழுவிய தண்ணீரும் மயிரும் கீழே கால்வாயில் விழுந்து அடைத்துக்கொள்ளும். இவன்தான் உள்ளே இறங்கிக் கையால் வாரிப் போடுவான். ஒரு தண்ணீரில் கால்வாய் சுத்தமாவதில்லை. அடுத்து ஆசிட் ஓட்டம் வரும்போது அதிலிருந்து சிந்துவது கால்வாயில் மிச்சமிருக்கும் சல்பைடோடு சேர்ந்து, அழுகின முட்டை நாற்றம் கிளம்புகிறது. ஆட்கள் வாந்தி எடுக்கிறார்கள்.

"யோவ் கரண்டு, உங்கக்காகிட்ட சொல்லி இன்னொரு தண்ணி விடச் சொல்லுய்யா. தல ரெண்டா பொளக்குது" என்று தினமும் என் பிராணனை வாங்குகிறான். நான் எழுதிவிட்டேன். இனி உன் பாடு.

உன் தம்பி,
தணிகை


சென்னை
12.9.1987

தணிகைக்கு,

மூக்கைப் பற்றி ஒரு பக்கம், விஷயத்தைப் பற்றிக் கடைசியில் நாலு வரி. நீ மாறவே மாட்டாய். பங்கஜத்துக்கு மாதுளம்பழம் வாங்கிக் கொடு. உன் சிகரெட்டைக் குறைத்துக்கொண்டால் வாங்கலாம்.

வீரபாகு கேட்டது நியாயம். எங்கள் கம்பெனி முதலாளியிடம் சொன்னேன். ஒப்பந்தத்தில் இல்லாத வேலை என்றார். வேலை நேரம் முடிந்து நானே உட்கார்ந்து செய்கிறேன் என்றதும் உங்கள் இஷ்டம் என்று விட்டுவிட்டார். முடித்தும் விட்டேன். ஆனால் நீ இதைக் கவனமாகப் படி. வழக்கம்போல மேய்ந்துவிட்டு வைக்காதே.

உன் போர்டுக்கு ஒரு விஷயமும் தெரியாது. கம்ப்யூட்டர் அதற்கு வெறும் எண்ணைத்தான் அனுப்புகிறது. ஒன்று என்றால் ஊறத் தண்ணீர். இரண்டு, சுண்ணாம்பும் சல்பைடும். மூன்று, வடித்தல். நான்கு, கழுவல். ஐந்து, ஆசிட். இப்போது நடுவில் இன்னொரு கழுவல் வருகிறது. இனிமேல் ஐந்து என்பது இரண்டாம் கழுவல். ஆசிட் ஆறாகத் தள்ளிப்போகிறது. இதைக் கம்ப்யூட்டருக்கு ஒரு ஃப்ளாப்பியில் எழுதி அனுப்புகிறேன். போர்டுக்கு அப்படிச் சொல்ல முடியாது. அதன் நடுவில் இருக்கும் பெரிய சிப்பைக் கழற்றிவிட்டு, நான் அனுப்புவதை வைக்க வேண்டும்.

முதலில் சிப். பிறகு ஃப்ளாப்பி. இரண்டையும் மாற்றாமல் டிரம்மைத் தொடாதே. ஃப்ளாப்பி மட்டும் மாறினால், கம்ப்யூட்டர் கழுவல் என்று நினைத்து ஐந்தை அனுப்பும். பழைய சிப் அதை ஆசிட் என்று எடுத்துக்கொண்டு திறந்துவிடும். போர்டு எதிர்த்துக் கேட்காது.

வேலையை ஆரம்பிக்கும் முன் கம்ப்யூட்டர் போர்டைப் பார்த்து "நீ புதுசா, பழசா?" என்று கேட்கும்படி செய்துவிடலாமா என்று யோசித்தேன். அதற்கு இன்னும் சில வாரம் பிடிக்கும். அதுவரை வீரபாகு அந்தக் கால்வாயில் மூச்சு முட்ட வேண்டுமா? நீதான் அங்கே இருக்கிறாயே என்று விட்டுவிட்டேன்.

சிப்பின் முதுகில் சின்னக் கண்ணாடி இருக்கும். அதன்மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறேன். பிரிக்காதே. வெளிச்சம் பட்டால் எழுதியதெல்லாம் அழிந்துவிடும்.

அக்கா


ஆம்பூர்
30.9.1987

அன்புள்ள அக்காவுக்கு,

பார்சல் நேற்று கைக்கு வந்தது. நீ சுற்றியிருந்த பஞ்சையும் அட்டையையும் பார்த்துவிட்டு மக்பூல் பாய், "இன்னாப்பா, உங்கக்கா கொழந்தையவா அனுப்பிச்சிருக்காங்க?" என்றார். ஃப்ளாப்பி அவர் டிராயரில் இருக்கிறது. சிப் என்னிடம். ஸ்டிக்கரைத் தொடவில்லை, உன்மேல் சத்தியம்.

நாளைக்கு ஆயுத பூஜை. ஷெட் முழுக்க ஆளாளுக்கு விளக்குமாறும் வாளியுமாக அலைகிறார்கள். எந்த மெஷினும் ஓடவில்லை. பொரி கடலைக்கு மக்பூல் பாய் தன் பங்கைக் கொடுத்துவிட்டார். "எனக்கும் ஒரு பொட்டலம் வெக்கணும், போன வருஷம் மறந்துட்டீங்க" என்று கண்டிப்பு வேறு. வீரபாகு பூசணிக்காய் வாங்கப் போயிருக்கிறான். அவன் சம்சாரம் தனகோடி சுண்டல் கொண்டு வருகிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

"புதுத் தண்ணி எப்பய்யா?" என்று அவன் கேட்டான். "சனிக்கெழம மொத டிரம்மே உனக்குத்தான்" என்றேன். கையெடுத்துக் கும்பிட்டான், நக்கலாகத்தான்.

வெள்ளிக்கிழமை எங்களுக்கு லீவு. பூஜை முடிந்ததும் பங்கஜத்தைக் கூட்டிக்கொண்டு குடியாத்தம் போகிறேன். சனிக்கிழமை காலையில் அப்படியே வேலைக்கு. உன் புதுச் சாமான் சரியாகப் பூஜைக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்றால் அம்மாவுக்குக் கால் தரையில் நிற்காது.

தணிகை


ஆம்பூர்
4.10.1987

அக்கா,

நேற்று வீரபாகு செத்துப்போய்விட்டான்.

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நான் அப்போது அங்கே இல்லை. குடியாத்தத்திலிருந்து வந்த பஸ் மாதனூர் பக்கத்தில் டயர் வெடித்து நின்றுவிட்டது. லாரியில் தொற்றிக்கொண்டு வந்து சேர்ந்தபோது கேட்டில் கூட்டம்.

மக்பூல் பாய் காலையிலேயே ஃப்ளாப்பியைப் போட்டு டிரம்மை ஆரம்பித்திருக்கிறார். முதல் கழுவல் முடிந்தது. திரையில் இரண்டாம் கழுவல் என்று வந்ததும், பொத்தானைத் தட்டிவிட்டு ஜன்னல் வழியாக "ரெண்டாவது தண்ணி" என்று குரல் கொடுத்திருக்கிறார். அடுத்ததும் தண்ணீர்தானே என்று ஓட்டைக் கதவைக் கழற்றி மூடுகதவு போடவில்லை. வீரபாகு மயிர் வாரக் கால்வாயில் இறங்கியிருக்கிறான். மேலே டிரம்மிலிருந்து வந்தது ஆசிட். கால்வாய் முழுக்கப் பழைய சல்பைடு, இரண்டும் சேர்ந்து விஷக் காற்று. கத்தக்கூட இல்லை என்கிறார்கள். அப்படியே உட்கார்ந்துவிட்டானாம்.

அவன் கூட்டாளி கலீமுல்லா குதித்து இழுத்திருக்கிறான். அவனும் விழுந்துவிட்டான். இரண்டு பேரையும் கயிறு போட்டுத் தூக்கினார்கள். கலீமுல்லா வேலூர் ஆஸ்பத்திரியில் இருக்கிறான். கண் திறக்க முடியவில்லை. மக்பூல் பாய் ஆபீஸ் படியில் உட்கார்ந்து தன் விரலையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

சிப், ஃப்ளாப்பி இரண்டும் போட்டாயிற்று. போர்டு சரியாக இருக்கிறது. நீ எழுதியதில் எங்காவது பிசகு இருக்குமா என்று பார்த்து எழுது. நான் கேட்கவில்லை, மானேஜர் கேட்கிறார்.

தணிகை


சென்னை
7.10.1987

தணிகை,

உன் கடிதம் வருவதற்கு முன்பே முதலாளிக்குப் போன் வந்துவிட்டது. அன்றிலிருந்து வரி வரியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பிசகு கிடைக்கவில்லை. கிடைக்காதது எனக்கு ஆறுதலாக இல்லை, பயமாக இருக்கிறது. இளநீர் வெட்டிக் கொடுத்த அந்தக் கை கண்ணை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

ஆசிட் வந்தது என்றால் இரண்டே வழிதான். நான் தப்பாக எழுதியிருக்க வேண்டும். அல்லது அன்று காலையில் போர்டில் பழைய சிப் இருந்திருக்க வேண்டும். சிப்பைப் பூஜைக்கு முன்பே நீ போட்டுவிட்டாய் என்று மக்பூல் பாய் போனில் சொன்னாராம். அவரை நம்புகிறேன். இருந்தாலும் உன் வாயால் கேட்க வேண்டும். எப்போது மாற்றினாய்? இதற்கு மட்டும் பதில் எழுது.

அது சரியென்றால் தப்பு என்னுடையது. ஒரு ஆளைக் கொன்றிருக்கிறேன். அதை எழுதிக் கொடுக்க எனக்குத் தயக்கம் கிடையாது.

சனிக்கிழமை முதலாளியோடு அங்கே வருகிறேன். தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் முன்னால் மெஷினை ஓட்டிக் காட்ட வேண்டுமாம்.

அக்கா


சென்னை
13.10.1987

தணிகை,

பதில் எழுதாமல் இருந்துவிட்டாய். சனிக்கிழமை கைக்கெட்டும் தூரத்தில் நின்றோம். நீ ஸ்க்ரூ டிரைவரை நீட்டினாய், நான் வாங்கிக்கொண்டேன்.

சோதனையில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. ஐந்துக்குத் தண்ணீர், ஆறுக்கு ஆசிட். உங்கள் மானேஜர் இன்ஸ்பெக்டரைப் பார்த்து, "மெஷின் மேல தப்பு இல்ல சார், பாத்துக்கோங்க" என்றார். நான் சிப்பைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்றேன். அப்போது உன் முகத்தைப் பார்த்தேன். சின்ன வயதில் அம்மாவின் உண்டியலில் கை வைத்து மாட்டிக்கொண்ட அதே முகம்.

ஸ்டிக்கர் மேல் குங்குமம் இருந்தது. அதில் ஒன்றும் இல்லை. டிரம்முக்கும் இருந்தது, சுவிட்சுக்கும் இருந்தது, மக்பூல் பாயின் கம்ப்யூட்டருக்குக்கூட ஒரு பொட்டு வைத்திருந்தீர்கள். சிப்பைக் கழற்றித் திருப்பினேன். அடியில், கால்களுக்கு நடுவில், சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. போர்டில் மாட்டியிருக்கும் சிப்புக்கு யாராலும் அடியில் சந்தனம் வைக்க முடியாது. ஈரச் சந்தனம் தெளித்த பலகையில், சாமி படத்துக்கு முன்னால் படுக்க வைத்திருந்தால்தான் அங்கே ஒட்டும். பூஜையன்று அது போர்டில் இல்லை.

நானும் அதே அம்மாவுக்குப் பிறந்தவள்தான். நூல் ஓட்டும் புது நாடா வாங்கினால் பூஜை போடாமல் தறியில் ஏற்றவிட மாட்டாள். பூஜையில் வைத்ததை மறுநாள் தீபம் காட்டும் வரைக்கும் எடுக்கவிட மாட்டாள். மறுநாள் வெள்ளிக்கிழமை, உங்களுக்கு லீவு. சனிக்கிழமை உன் பஸ் நின்றுவிட்டது. வேறு யாராவது வந்து பார்த்திருந்தால் மஞ்சள் அழுக்கு என்று நினைத்திருப்பார்கள். உன் அக்கா வந்தது உன் துரதிர்ஷ்டம்.

பிறகு நான் செய்ததையும் எழுதுகிறேன். கைக்குட்டையால் அதைத் துடைத்தேன். சிப்பைத் திரும்ப மாட்டினேன். "சரியாக இருக்கிறது" என்றேன். காகிதத்தை நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டேன். இன்ஸ்பெக்டர் எனக்கு நன்றி சொன்னார்.

வெளியே வந்தபோது கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் நின்றாள். இடுப்பில் ஒரு குழந்தை, கையில் பிடித்தபடி ஒன்று. "மெஷின் பாக்க வந்தவங்களாம்மா? அவரு குடிக்கமாட்டாரும்மா" என்றாள். எனக்கு விளங்கவில்லை. காரில் ஏறிய பிறகு முதலாளி விளக்கினார். மெஷின் சரி என்று ஆகிவிட்டதால், வீரபாகு பூஜைப் போதையில் கையால் திறக்கும் ஆசிட் வால்வைத் திறந்துவிட்டுத் தானே கால்வாயில் விழுந்தான் என்று உங்கள் மானேஜர் எழுதிக் கொடுத்திருக்கிறாராம். அதற்குக் கீழே ஆதாரமாக என் கையெழுத்து.

எப்போது மாட்டினாய் என்று இப்போதாவது சொல்.

அமிர்தவள்ளி


ஆம்பூர்
21.10.1987

அக்கா,

உன் முழுப் பெயரைப் போட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கிறாய். கோர்ட் சம்மன் வந்த மாதிரி இருந்தது. கேட்டாய் அல்லவா, எழுதுகிறேன்.

எல்லாரும் ஆஸ்பத்திரிக்கு ஓடிய பிறகு மாட்டினேன். நான் அவர்களோடு ஓடவில்லை. ஷெட்டில் என் கரண்டு ரூமுக்குப் போனேன். சாமி படத்துக்குப் போட்ட பூ வாடியிருந்தது. சிப்பை எடுத்துக்கொண்டு போய், பழசைக் கழற்றிவிட்டு வைத்தேன். பழசு பாலாற்று மணலில் கிடக்கிறது. கை தானாகச் செய்தது என்று சொன்னால் நம்புவாயா? நானே நம்பவில்லை.

மக்பூல் பாய் என்னிடம் கேட்டார். புதன்கிழமை வரும்போதும் போகும்போதும் கேட்டார். "தணிகை, சிப்பு போட்டாச்சா?" என்று. இல்லை என்றால் ஏன் என்பார், பூஜை என்பேன், அதற்குமேல் நாலு கேள்வி வரும். "போட்டாச்சு பாய்" என்றேன். சனிக்கிழமை டிரம் ஓடும் முன் வந்து மாட்டப் போகிறோம், யாருக்கு என்ன தெரியப் போகிறது என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் மனசில் இருந்தது. அவனைக் கொல்லவேண்டும் என்றா இருந்தது?

நீ மட்டும் யோக்கியமா? கம்ப்யூட்டர் போர்டைக் கேட்கும்படி செய்யலாம் என்று உனக்குத் தோன்றியது. செய்யவில்லை. நீதான் அங்கே இருக்கிறாயே என்று எழுதினாய். நான் என்ன நீ செய்த இன்னொரு சிப்பா, நீ எழுதியபடியே நடப்பதற்கு? சந்தனத்தைத் துடைக்கச் சொல்லி நான் உன்னைக் கேட்டேனா? நீயாகத் துடைத்தாய், நீயாகக் கையெழுத்துப் போட்டாய், இப்போது எனக்கு நியாயம் சொல்கிறாய்.

பங்கஜத்துக்கு ஒன்றும் தெரியாது. அவள் இருக்கும் நிலையில் தெரியவும் வேண்டாம். என்னை ஜெயிலில் வைத்தால் வீரபாகு எழுந்து வரப்போவதில்லை. நீ உன் வேலையைப் பார், நான் என் வேலையைப் பார்க்கிறேன். கொஞ்ச நாளைக்கு எனக்கு எழுதாதே.

தணிகை


சென்னை
30.10.1987

தணிகை,

எழுதாதே என்றாய். இது ஒன்றை மட்டும் படித்துவிடு.

நீ என்னைச் சொன்னதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. கேட்க வைத்திருக்க வேண்டும். அவசரப்பட்டேன், உன்மேல் பாரத்தைப் போட்டேன். படித்துவிட்டு ரொம்ப நேரம் அழுதேன். அழுதது உனக்காகவா, எனக்காகவா என்று தெரியவில்லை.

ஆனால் குடித்திருந்தான் என்பதை என்னால் விழுங்க முடியவில்லை. உயிரை எடுத்துவிட்டோம். அதோடு நிற்காமல் பெயரையும் எடுக்கிறோம். நீயும் நானும் சேர்ந்து.

திங்கட்கிழமை முதலாளியிடம் போய், நான் போட்ட கையெழுத்து தப்பு என்றேன். சிப்பைக் கொடுங்கள், அடியில் இன்னும் மிச்சம் ஏதாவது இருக்கும், காட்டுகிறேன் என்றேன். சோதனைக்குப் பிறகு உங்கள் டேனரி மெஷினை வேண்டாம் என்று இங்கே திருப்பி அனுப்பிய அன்றே, சிப்பை நன்றாகக் கழுவி, ஊதா விளக்குப் பெட்டியில் வைத்து எழுதியதை அழித்துவிட்டார்களாம். அது இப்போது வேறு ஏதோ மெஷினில் வேறு ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருக்கிறது. "அப்ப நீங்க பொய்க் கையெழுத்துப் போட்டதா சொல்றீங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பொய்க் கையெழுத்துப் போடுகிறவளுக்கு இங்கே வேலை இல்லை என்றார். அதுவும் நியாயம்தான்.

இன்ஸ்பெக்டருக்கு எழுதிவிட்டேன். அன்று நான் பார்த்தது அன்றைய மெஷினை மட்டும்தான், சம்பவத்தன்று எந்த சிப் இருந்தது என்று அந்தக் கம்ப்யூட்டருக்கும் தெரியாது, எனக்கும் நிச்சயம் கிடையாது, என் கையெழுத்தை வைத்து ஒருவனைக் குடிகாரன் என்று எழுதாதீர்கள் என்று. உன் பெயரை எழுதவில்லை. எழுதப் பேனாவை எடுத்தேன், முடியவில்லை. அதைச் சொல்ல வேண்டியவன் நீ.

அக்கா


ஆம்பூர்
22.11.1987

அக்காவுக்கு,

கலீமுல்லா ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டான். ஒரு கண் போய்விட்டது. இன்னொன்றில் நிழல் மாதிரி தெரிகிறதாம். இருமினால் நிற்க மாட்டேன் என்கிறது. பார்க்கப் போனேன். போகாமல் இருந்திருக்கலாம் என்று வழி முழுக்க நினைத்துக்கொண்டே போனேன்.

என் குரலைக் கேட்டதும் கையைப் பிடித்துக்கொண்டான். "தணிகை, நீ மெஷின் தெரிஞ்சவன். ஒண்ணு சொல்லு. நான் அவன் பக்கத்துலதான் நின்னேன். அவன் வால்வத் தொடவே இல்ல. என் கண்ணால பாத்தேன். ஆனா எல்லாரும் மெஷின் சரின்றாங்க, எஞ்சினியரம்மா எழுதிக் குடுத்துட்டாங்கன்றாங்க. அப்ப நான் பாத்தது பொய்யா? போறதுக்கு முன்னாடியே என் கண்ணு கெட்டுப்போச்சா?" என்றான். அவன் கேலி பேசவில்லை அக்கா. நிஜமாகவே அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவனிடம்தான் முதலில் சொன்னேன். கையை உதறிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மறுநாள் வேலூர் போய் இன்ஸ்பெக்டரிடம் எல்லாம் சொன்னேன். போட்டாச்சு என்று சொன்னது, பலகையில் வைத்தது, அப்புறம் மாட்டியது, ஒன்றையும் விடவில்லை. அவர் உன் கடிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இவங்க உனக்கு இன்னா வேணும்?"

"அக்கா சார்."

"அக்கா ஒரு நாள் சரின்னு எழுதறாங்க, ஒரு நாள் தெரியாதுன்னு எழுதறாங்க. தம்பி வந்து நான்தான்றான். குடும்பமா பேசி வெச்சுக்கினு வந்தீங்களா? பழைய சிப்பு எங்க?"

"ஆத்துல போட்டுட்டேன் சார்."

"புது சிப்பு?"

"அழிச்சிட்டாங்க சார்."

"சந்தனம்?"

"அக்கா தொடச்சிட்டாங்க சார்."

அவர் சிரிக்கவில்லை. களைத்துப் போன மாதிரி என்னைப் பார்த்தார். மானேஜர் எழுதியதற்குக் காகிதம் இருக்கிறது, நான் சொல்வதற்கு ஒன்றும் இல்லை, கேஸ் முடிந்துவிட்டது, வீட்டுக்குப் போ என்றார். ஜெயிலுக்குப் பயந்து இத்தனை நாள் வாயை மூடியிருந்தேன். திறந்தபோது ஜெயிலில் வைக்கக்கூட ஆள் இல்லை. நான் வேலூர் போன செய்தி மட்டும் எனக்கு முன்னால் ஆம்பூர் வந்துவிட்டது. கேட்டிலேயே நிறுத்திக் கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். மக்பூல் பாய் ஜன்னலில் நின்றார். சலாம் வைத்தேன். என்னைப் பார்த்தபடியே நின்றார். கை எழவில்லை.

பங்கஜத்திடம் சொல்லிவிட்டேன். தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

நேற்று தனகோடி வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று சொன்னேன். முறத்தில் அரிசி வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிறுத்தாமல் கேட்டாள்.

"யாருமே உன்னக் கேக்கலியா, போட்டியா இல்லியான்னு?"

"மக்பூல் பாய் கேட்டாரும்மா."

"நீ இன்னா சொன்ன?"

"போட்டாச்சுன்னு சொன்னேன்."

"இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா இன்னா ஆயிருக்கும்?"

"டிரம்ம நிறுத்தி வெச்சிருப்பாங்க. நான் வந்தப்புறம் ஓட்டியிருப்பாங்க."

"அவ்ளோதானா?"

"அவ்ளோதாம்மா."

முறத்தைக் கீழே வைத்தாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். "எம்புள்ளைய இந்தத் தெருவுலதான் குடிகாரன் புள்ளன்னு கூப்புடறாங்க. இந்தத் தெருவுல நின்னு சொல்லு" என்றாள்.

சாயங்காலம் எல்லாரும் வேலை விட்டு வரும் நேரத்தில், தண்ணீர்க் குழாய் பக்கத்தில் நின்று சொன்னேன். கலீமுல்லாவைப் பேரன் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினான். பாதியில் யாரோ என் சட்டையைப் பிடித்து இழுத்தார்கள். தனகோடிதான், "உடு அவன. முழுசாச் சொல்லட்டும்" என்றாள். முழுசாகச் சொன்னேன். ஆளாளுக்குக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கடைசியில் அவள் மட்டும் நின்றாள்.

"கையெழுத்துப் போட்டுட்டுக் கார்ல போச்சே, அந்தம்மா எங்க?" என்று கேட்டாள்.

நான் உனக்கு எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

தணிகை


சென்னை
26.11.1987

தம்பி தணிகைக்கு,

வருகிறேன். அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை முதல் ரயில். அந்தக் கைக்குட்டையை நான் துவைக்கவில்லை, கொண்டு வருகிறேன். எந்த ஆபீசும் அதைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாது என்று தெரியும். தனகோடி பார்க்கட்டும்.

குழாயடியில் நீ நின்ற இடத்தில் நின்று, நான் துடைத்தேன், நான் கையெழுத்துப் போட்டேன், அவர் குடிக்கவில்லை என்று சொல்கிறேன். பிறகு அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். அன்று கேட்டில் அவள் பேசியது என் காதில் விழுந்தும் பதில் சொல்லாமல் வந்தேன். அவள் கையைப் பிடித்திருந்த பிள்ளையின் பெயர் என்ன? கேட்டு எழுது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். நான் பேசும்போது நீ பக்கத்தில் வந்து நிற்பாயா? இரண்டாம் முறை அந்தத் தெருவில் நிற்க உனக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நிற்பேன் என்றால் நிற்பேன் என்று எழுது. முடியாது என்றால் முடியாது என்று எழுது. என் மனசு நோகும் என்று பார்க்காதே. நீ எதை எழுதினாலும் நம்புகிறேன்.

அக்கா